'ஸ்பேம்'னு போன் சொன்னா நம்பலாமா? சொல்லலைன்னா தைரியமா எடுக்கலாமா? அழைப்புகளை ஏஐ பிடிப்பது எப்படி... முழு விளக்கம்!

மதியச் சாப்பாட்டு நேரம். போன் அடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் தெரியாத நம்பர், கூடவே 'சஸ்பெக்டட் ஸ்பேம்' என்று ஒரு வரி. 'லோன் வேணுமா சார்' கோஷ்டிதான் என்று கட் செய்துவிட்டுச் சாப்பிடுகிறோம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தெரியாத நம்பர். இந்த முறை எந்த எச்சரிக்கையும் இல்லை. 'சரி, யாரோ தெரிஞ்சவங்க போல' என்று எடுக்கிறோம்.

சிக்கலே இந்த இரண்டாவது அழைப்பில்தான். எச்சரிக்கை வந்தால் மோசடி, வரவில்லை என்றால் பாதுகாப்பு என்று நம் மனசு தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்த எச்சரிக்கையைப் போடும் ஏஐக்கு, அழைப்பவர் நல்லவரா கெட்டவரா என்பது தெரியவே தெரியாது. அப்படியென்றால் அது எதைப் பார்க்கிறது? எங்கே தப்பு செய்யும்? நாம் எந்த அளவுக்கு நம்பலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இது ஏன் முக்கியம்?

2024ஆம் ஆண்டில் மட்டும் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு இது 7,465 கோடி. அதாவது ஒரே வருடத்தில் மூன்று மடங்கு! இதில் எல்லாமே போன் அழைப்பால் போன பணம் கிடையாது. ஆனால் 'டிஜிட்டல் அரஸ்ட்', போலி வங்கி அதிகாரி, கூரியர் பார்சல் மிரட்டல் என்று பல மோசடிகளின் முதல் படி, நாம் எடுக்கும் ஒரு அழைப்புதான்.

அந்த எச்சரிக்கையைப் போடுவது யார்?

ட்ரூகாலர் போன்ற செயலிகளை நமக்கு ஏற்கெனவே தெரியும். அவை பெரும்பாலும் பயனாளர்கள் கொடுக்கும் தகவலை நம்பி இயங்குபவை. பலர் சேர்ந்து ஒரு எண்ணை 'ஸ்பேம்' என்று குறித்தால், அடுத்தவருக்கு அது சிவப்பாகக் காட்டும்.

இப்போது வருவது வேறு. இங்கே எச்சரிக்கை போடுவது செயலி அல்ல, உங்கள் சிம் நிறுவனத்தின் நெட்வொர்க். இந்தியாவில் ஏர்டெல் நிறுவனம் 2024 செப்டம்பரில் இந்த வசதியை அறிமுகம் செய்தது. தனியாக எந்த ஆப்பும் போட வேண்டாம், கட்டணமும் இல்லை, தானாகவே இயங்கும் என்பது அறிவிப்பு. தினமும் 250 கோடி அழைப்புகளையும் 150 கோடி குறுஞ்செய்திகளையும் இந்த அமைப்பு அலசுகிறது, அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 2 மில்லி விநாடி என்று அந்த நிறுவனம் சொன்னது. ஒரு விநாடியை ஆயிரமாக உடைத்தால் அதில் இரண்டு பங்கு! போன் 'ட்ரிங்' என்று அடிப்பதற்குள் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

அப்போ நாம பேசுறதை ஒட்டுக் கேட்கிறாங்களா?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. இல்லை. எச்சரிக்கை வருவது நீங்கள் போனை எடுப்பதற்கு முன்பு. இன்னும் யாரும் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. பேசாத பேச்சை எப்படிக் கேட்க முடியும்?

அது பார்ப்பது அழைப்புப் பதிவுகளை. யார் யாரை அழைத்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவரிலிருந்து, எந்தக் கைபேசியிலிருந்து என்ற விவரங்கள் ஒவ்வொரு அழைப்புக்கும் பதிவாகும். பில் போடுவதற்காக காலம் காலமாக இருக்கும் ஏற்பாடுதான். கடிதத்தைப் பிரிக்காமல், உறையின் மேல் இருக்கும் முகவரியையும் தபால் முத்திரையையும் மட்டும் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறையை மட்டும் பார்த்தே இவ்வளவு சொல்ல முடியுமா? முடியும். ஏனென்றால் மனிதர்களுக்கு போன் பேசுவதில் ஒரு பழக்கம் இருக்கிறது.

இரண்டு நம்பர்கள்... ஒரு சின்ன ஒப்பீடு

முதல் நம்பர் ஓர் இல்லத்தரசியுடையது. ஒரு நாளைக்கு ஏழெட்டு அழைப்பு. அம்மா, தங்கை, பள்ளி வேன் டிரைவர், கேஸ் ஏஜென்சி என்று பெரும்பாலும் அதே ஆட்கள். சில அழைப்பு அரை மணி நேரம் கூடப் போகும். அவர் அழைக்கும் அளவுக்கு அவருக்கும் அழைப்பு வரும்.

இரண்டாவது நம்பர் ஒரு கடன் விற்பனைக் கும்பலுடையது. காலையிலிருந்து சாயங்காலம் வரை நூற்றுக்கணக்கான அழைப்பு. ஒரே ஆளுக்கு இரண்டாவது தடவை போவது அரிது. முக்கால்வாசி அழைப்பு பத்து விநாடிக்குள் 'டொக்'. திரும்ப அந்த நம்பருக்கு யாருமே அழைப்பதில்லை. இன்று ஒரு கைபேசியில் இருக்கும் சிம், நாளை வேறொரு கைபேசியில் இருக்கிறது.

பெயர், ஊர் எதுவுமே தெரியாமல் இந்த இரண்டையும் உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடிகிறது இல்லையா? ஏஐ செய்வதும் இதைத்தான். அழைப்புகளின் எண்ணிக்கை, பேசும் நேரம், பயன்படுத்தும் விதம் ஆகியவற்றோடு, கைபேசியின் ஐ.எம்.இ.ஐ எண் அடிக்கடி மாறுகிறதா என்பதையும் கவனிப்பதாக ஏர்டெல் சொல்லியிருக்கிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் 2025 பிப்ரவரி 12 அன்று வெளியிட்ட விதித் திருத்தத்தில் இதையே எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கியது. அளவுக்கு மீறிய அழைப்புகள், மிகக் குறைந்த பேச்சு நேரம், வெளியே போகும் அழைப்போடு ஒப்பிட்டால் உள்ளே வரும் அழைப்பு மிகக் குறைவு போன்ற அடையாளங்களை வைத்து ஸ்பேம் நம்பர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது உத்தரவு.

இந்த யோசனை நேற்று வந்ததா?

இல்லை, கிட்டத்தட்ட 30 வருடப் பழசு. ஏஐ என்ற சொல் எல்லார் வாயிலும் வருவதற்கு ரொம்ப முன்பே, தொலைபேசி நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில் தொடங்கிய வேலை இது.

1990களில் அமெரிக்காவின் நியூயார்க் பகுதியில் செல்போன் 'குளோனிங்' பெரிய தலைவலி. ஒருவரின் போன் அடையாளத்தைக் காப்பி அடித்து, அவர் கணக்கில் இன்னொருவர் பேசித் தீர்ப்பார். பில் மட்டும் உண்மையான வாடிக்கையாளருக்கு வரும். நைனெக்ஸ் என்ற தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டாம் ஃபாசெட், ஃபாஸ்டர் ப்ரோவோஸ்ட் ஆகிய இருவரும் இதைப் பிடிக்க ஒரு இயந்திரக் கற்றல் முறையை உருவாக்கி 1997இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் பிடித்த முக்கியமான விஷயம், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் சரிவராது என்பது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து ராத்திரியில் அழைப்பு போனால் சந்தேகம் என்று ஒரு விதி வைக்கலாம். ஆனால் அங்கேயே குடியிருந்து, ராத்திரி வேலை பார்ப்பவருக்கு அது சாதாரணம். அதனால் ஒருவரை ஊரோடு ஒப்பிடாமல், அவரது நேற்றைய பழக்கத்தோடு ஒப்பிட வேண்டும் என்றார்கள்.

அடுத்து ஏடி அண்ட் டி ஆய்வுக்கூடம். கொரின்னா கோர்டெஸ், டேரில் பிரிகிபான் ஆகியோர் ஒவ்வொரு தொலைபேசி எண்ணுக்கும் ஒரு 'கையொப்பம்' என்ற யோசனையைக் கொண்டுவந்தார்கள். ஒரு எண்ணின் எல்லா அழைப்புகளையும் சேமித்து வைக்காமல், அதன் பழக்கத்தின் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது. புது அழைப்புகள் வர வர, பழைய பழக்கத்தின் எடை குறைந்துகொண்டே போகும்.

கிரிஸ் வோலின்ஸ்கியும் சேர்ந்து 2001இல் செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம். பில் கட்டாமல் ஏமாற்றி, இணைப்பு துண்டிக்கப்பட்ட ஒருவர், வேறு பெயரில் புது இணைப்பு வாங்கி வருகிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை மாற்றலாம், முகவரியை மாற்றலாம். ஆனால் அவர் அழைக்கும் ஆட்கள் மாற மாட்டார்கள். பழைய எண் யார் யாரை அழைத்ததோ, புது எண்ணும் அதே கூட்டத்தை அழைத்தால் ஆள் ஒன்றுதான்! இன்று சிம்மை மாற்றி மாற்றிப் பேசும் கும்பலுக்கும் இது பொருந்தும்.

இயந்திரம் இதை எப்படிக் கத்துக்குது?

'நூறு அழைப்புக்கு மேல் போனால் ஸ்பேம்' என்று ஒருவர் உட்கார்ந்து விதி எழுதலாம். எழுதினால் என்ன ஆகும்? கும்பல் 99 அழைப்போடு நிறுத்திவிட்டு அடுத்த சிம்மை எடுக்கும்.

அதனால் விதியை எழுதாமல், உதாரணங்களைக் காட்டுகிறார்கள். 'இவையெல்லாம் ஸ்பேம் என்று தெரிந்த எண்கள், இவையெல்லாம் சாதாரண எண்கள், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நீயே கண்டுபிடி' என்று பதிவுகளைக் கொடுப்பார்கள். எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எடை என்பதை இயந்திரமே கணக்கிட்டுக்கொள்ளும். பிறகு புதிதாக வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மதிப்பெண் போடும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எச்சரிக்கை.

ஸ்பேம் என்று தெரிந்த அந்த எண்கள் எங்கிருந்து கிடைக்கும்? அதற்கு ஒரு முக்கிய வழி, நாம் கொடுக்கும் புகார்கள். நீங்கள் சலிப்போடு கட் செய்துவிட்டுப் போனால் இயந்திரத்துக்கு ஒரு பாடம் குறைகிறது. கும்பல்கள் தந்திரத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் பாடமும் புதுசு புதுசாகத் தேவை. போன வருடப் பாடத்தை வைத்து இந்த வருடத் திருடனைப் பிடிக்க முடியாது.

அப்பாவிகள் ஏன் மாட்டுகிறார்கள்?

மேலே சொன்ன அந்த இரண்டாவது நம்பரின் பழக்கத்தை இன்னொரு முறை படியுங்கள். நாள் முழுக்க அழைப்பு, எல்லாமே புதுப்புது ஆட்கள், எல்லாமே குட்டிக் குட்டி அழைப்பு, திரும்ப யாரும் அழைப்பதில்லை. இது யாருக்கெல்லாம் பொருந்தும்? 'சார், கேட் பக்கம் நிக்கிறேன், பார்சல் வந்திருக்கு' என்று அழைக்கும் டெலிவரி ஊழியருக்குப் பொருந்தும். நாளைய அப்பாயின்ட்மென்ட்டை நினைவூட்டும் கிளினிக் வரவேற்பாளருக்கும், வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளருக்கும் பொருந்தும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தக் கதைதான்.

'சரி, நூத்துல ஒண்ணு ரெண்டு தப்பு இருந்தா பரவாயில்லையே' என்று தோன்றலாம். இங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றும்.

தன் நெட்வொர்க்கில் வரும் மொத்த அழைப்புகளில் 6 சதவீதம் ஸ்பேம் என்று ஏர்டெல் 2024 டிசம்பரில் சொன்னது. அதை வைத்து 1,000 அழைப்புகளை எடுத்துக்கொள்வோம். 60 ஸ்பேம், 940 நல்லவை. ஒரு பேச்சுக்கு, இயந்திரம் 90 சதவீத ஸ்பேமைப் பிடிக்கிறது, நல்ல அழைப்புகளில் 2 சதவீதத்தை மட்டும் தவறாகக் குறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (இந்த இரண்டு எண்களும் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை.)

* பிடிபடும் ஸ்பேம்: 54
* தவறாக மாட்டும் நல்ல அழைப்பு: சுமார் 19
* எச்சரிக்கையோடு வரும் மொத்த அழைப்பு: 73
* எச்சரிக்கை இல்லாமல் தப்பிவிடும் ஸ்பேம்: 6

அதாவது எச்சரிக்கை வரும் நாலு அழைப்பில் ஒன்று அப்பாவி! இயந்திரம் 'வெறும் 2 சதவீதம்'தான் தப்பு செய்தது. ஆனால் நல்ல அழைப்புகள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், அந்தச் சின்ன சதவீதமே பெரிய கூட்டமாகிவிடுகிறது.

தவறைக் குறைக்க இயந்திரத்தைக் கண்டிப்பாக்கலாமே? ஆக்கலாம். 'ரொம்ப உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எச்சரி' என்று சொன்னால் அப்பாவிகள் தப்புவார்கள். கூடவே மோசடிக்காரர்களும் தப்புவார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். இதனால்தான் இந்த அமைப்பு அழைப்பைத் தடுப்பதில்லை. 'சந்தேகம்' என்று மட்டும் சொல்லிவிட்டு முடிவை நம் கையில் விடுகிறது.

பெரிய ஆபத்து... எச்சரிக்கையே வராத அழைப்பு!

தப்பிவிடும் அந்த 6 அழைப்புகளுக்கு வருவோம். கடன் விற்கும் கும்பல் ஒரு நாளைக்கு நூறு பேரை அழைக்கிறது, பழக்கம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் 'டிஜிட்டல் அரஸ்ட்' செய்பவருக்கு நூறு பேர் தேவையில்லை. பயந்துபோன ஒரே ஒருவர் போதும். அவரோடு மணிக்கணக்கில் பேசுவார். குறைந்த அழைப்பு, நீண்ட பேச்சு. இயந்திரத்தின் கண்ணுக்கு இது மகனிடம் பேசும் அம்மாவின் அழைப்பு மாதிரியே இருக்கும்.

அடுத்த கட்டமாக வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு வரச் சொல்வார்கள். வாட்ஸ்அப் அழைப்பு இணையம் வழியாகப் போவது. சிம் நிறுவனத்தின் ஸ்பேம் எச்சரிக்கை அங்கே வரவே வராது.

இன்னொரு தந்திரம், வெளிநாட்டிலிருந்து அழைத்துவிட்டு +91 என்று இந்திய நம்பர் மாதிரி காட்டுவது. இதைத் தடுக்க மத்திய அரசு 2024 அக்டோபர் 22 அன்று ஒரு தனி அமைப்பைத் தொடங்கியது. 24 மணி நேரத்தில் அது கண்டுபிடித்த போலி அழைப்புகள் சுமார் 1.35 கோடி. இந்திய எண்ணோடு வந்த வெளிநாட்டு அழைப்புகளில் 90 சதவீதம் போலி என்று அரசு சொன்னது.

சிம் வாங்கும் இடத்திலேயே பிடிக்க முடியாதா?

அந்த முயற்சியும் நடக்கிறது. ஒரே ஆள் வேறு வேறு பெயரில் நூற்றுக்கணக்கில் சிம் வாங்குவதைக் கண்டுபிடிக்க, தொலைத்தொடர்புத் துறை 'ஆஸ்டர்' என்ற ஏஐ கருவியை உருவாக்கியது. சிம் வாங்கும்போது கொடுத்த புகைப்படங்களை இது ஒன்றோடொன்று ஒப்பிடும். முகம் ஒன்று, பெயர் வேறு என்றால் கொடி காட்டும். 2023இல் அரசு வெளியிட்ட தகவல்படி முதல் கட்டத்தில் 87 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளை அலசி, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தேக இணைப்புகளைக் கண்டுபிடித்தது. சரிபார்ப்புக்குப் பிறகு 36 லட்சத்துக்கும் மேல் துண்டிக்கப்பட்டன.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். இயந்திரம் சந்தேகித்த எல்லாமே துண்டிக்கப்படவில்லை. இயந்திரம் காட்டியது சந்தேகம். சரிபார்த்த பிறகுதான் முடிவு.

சரி, நாம என்ன செய்யணும்?

1. எச்சரிக்கை வந்தால் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பார்சலோ, மருத்துவமனை அழைப்போ எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் எடுங்கள். எதையும் எதிர்பார்க்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவசரம் என்றால் மெசேஜ் அனுப்புவார்கள்.

2. எச்சரிக்கை வராதது நற்சான்றிதழ் அல்ல. போலீஸ், சிபிஐ, சுங்கத்துறை என்று யார் சொன்னாலும் சரி. 'டிஜிட்டல் அரஸ்ட்' என்ற ஒன்று இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. வீடியோ காலில் கைது செய்ய முடியாது. பணம் கேட்டால் உடனே கட் செய்யுங்கள்.

3. நம்பரின் தொடக்கத்தைப் பாருங்கள். விளம்பர அழைப்புக்கு 140, வங்கி உள்ளிட்ட நிதி நிறுவனங்கள் மற்றும் அரசின் சேவை அழைப்புக்கு 1600 என்று வரிசைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து 'வங்கியிலிருந்து பேசுறோம்' என்றால் உஷார்.

4. குறுஞ்செய்தி அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஆங்கில 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு.

5. புகார் கொடுங்கள். 1909 எண்ணிலோ டிராயின் டிஎன்டி ஆப்பிலோ 7 நாட்களுக்குள் கொடுக்கலாம். நீங்கள் டிஎன்டியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. பதிவு செய்யாமல் வணிக அழைப்பு விடும் ஒரு எண் மீது 10 நாட்களில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது புதிய விதி.

6. மோசடி முயற்சி என்று சந்தேகம் வந்தால், பணம் போகவில்லை என்றாலும், 'சஞ்சார் சாத்தி'யில் உள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இயங்குகிறது என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

7. பணம் போய்விட்டால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

முக்கியமாக, வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இதை உட்கார்ந்து சொல்லுங்கள். 'ஸ்பேம்னு வந்தா எடுக்காதீங்கப்பா' என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால், 'இதுல ஸ்பேம்னு வரலையேப்பா' என்று நம்பி அவர்கள் எடுப்பார்கள். எச்சரிக்கை வந்தாலும் வராவிட்டாலும், போனில் பணமோ ஓடிபியோ கேட்டால் கட் செய்துவிட்டு முதலில் நம்மை அழைக்கச் சொல்லுங்கள். ஒரு நம்பர் எத்தனை பேரை அழைத்தது என்று எண்ண ஏஐக்குத் தெரியும். அந்தக் குரல் எதற்காகப் பயமுறுத்துகிறது என்பது, போனை எடுத்தவருக்குத்தான் தெரியும்.